பிறப்பேடு பெயரைச் சொல்லும், பாகப்பிரிவினை உறவைச் சொல்லும்: காலனிகால மாசசூசெட்ஸில் ஒரு குடும்பத்தைத் தேடும் முறை

அமெரிக்காவில் பரம்பரை தேடுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. "எங்க முன்னோர் 1635-லேயே பாஸ்டனுக்கு வந்துட்டாங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், இணையத்தில் யாரோ போட்டு வைத்த குடும்ப மரத்தைக் காட்டுவார்கள். அதை எதை வைத்து வரைந்தார்கள் என்று காட்டுபவருக்கும் தெரியாது. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் நகலெடுக்க, அவரைப் பார்த்து இன்னும் பலர் நகலெடுக்க, கடைசியில் அதுவே உண்மை போல நிற்கும். இதைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சாதாரணக் குடியானவனுக்கு ஏது ஆவணம், எல்லாம் கதை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஆவணம் உண்டு. பாஸ்டனைச் சுற்றி ஆங்கிலேயர் குடியேறிய மாசசூசெட்ஸ் காலனியில் அது ஆச்சரியப்படும் அளவுக்கே உண்டு. ஆனால் ஒரு முழுக் குடும்பமும் ஒரே தாளில் எழுதிக் கிடைப்பது அபூர்வம். இரண்டு வகைக் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துத்தான் குடும்பத்தைக் கட்டியெழுப்ப வேண்டும்.

இரண்டு வகைக் காகிதங்கள்

நம் ஊரில் ஒருவர் காலமானால் நகராட்சியில் இறப்புச் சான்றிதழ் வாங்குகிறோம். பிறகு தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கிறோம். முதல் தாள் அவர் எப்போது இறந்தார் என்று சொல்லும். அவருக்கு மனைவி யார், பிள்ளைகள் எத்தனை பேர், கல்யாணமாகிப் போன மகள் யார் என்பதெல்லாம் இரண்டாவது தாளில்தான் இருக்கும். முதலாவது நிகழ்ச்சியின் பதிவு, இரண்டாவது உறவின் பதிவு.

காலனிகால மாசசூசெட்ஸிலும் இதே பிரிவுதான். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் ஊர்க் கணக்கில் எழுதிய பதிவுகளை அங்கே 'வைட்டல் ரெக்கார்ட்ஸ்' என்பார்கள். இக்கட்டுரையில் அவற்றை ஊர்ப்பதிவு என்றே சொல்வோம். இறந்தவரின் உயிலை மெய்ப்பிப்பது, கடனை அடைப்பது, மிச்சத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ஆகிய நீதிமன்ற நடவடிக்கைகள் அனைத்துக்கும் 'புரொபேட்' என்று பெயர். சென்னையில் உயில் வைத்து வீடு மாற்றியவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமாகவே இருக்கும். ஒரு வித்தியாசம்: அங்கே உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து விவகாரமும் புரொபேட் கணக்கில்தான் வரும்.

1639-இல் காலனியின் பொதுச்சபை போட்ட ஓர் உத்தரவே இரண்டுக்கும் அடிப்படை. உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் பதிய வேண்டும், அத்துடன் ஒவ்வொருவரின் திருமண, பிறப்பு, இறப்பு நாட்களையும் பதிய வேண்டும் என்றது அது. அன்றைய இங்கிலாந்தில் தேவாலயத்தில்தான் ஏடு, அதுவும் பிறந்த நாளுக்குப் பதில் ஞானஸ்நான நாள். இங்கே அது அரசாங்க வேலை ஆயிற்று. திருமணத்தைக்கூட, அங்கே குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் ஓர் ஒப்பந்தமாகத்தான் பார்த்தார்கள். ஆரம்ப காலத்தில் நடத்தி வைத்தவர் பாதிரியார் அல்ல, மாஜிஸ்திரேட்.

ஊர்ப்பதிவை எப்படிப் படிப்பது

ஊர்க் கணக்கை எழுதியவர் டவுன் கிளார்க். ஒரு பிறப்புப் பதிவில் இருப்பது இவ்வளவுதான்: "ஜான், ஜான்-மேரியின் மகன், இன்ன தேதி பிறந்தான்." தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்காது, தகப்பனின் தொழிலும் இருக்காது, தாத்தா பெயருக்கு வழியே இல்லை. ஊரில் இரண்டு ஜான்கள் இருந்து இருவர் மனைவியும் மேரி என்றால் அந்த வரியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இப்படி நடப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம், ஏனென்றால் புழக்கத்தில் இருந்த பெயர்களே கொஞ்சம்.

மூன்றில் பிறப்புப் பதிவு ஓரளவு ஒழுங்காக இருக்கும். பெரியவர்களின் இறப்புதான் நிறைய விட்டுப்போயிருக்கும். திருமணத்தைப் பெண் வீட்டார் ஊரில் தேட வேண்டும். 'திருமண நோக்கம்' என்றொரு பதிவும் உண்டு. இன்னார் இன்னாரை மணக்கப் போகிறார் என்று முன்கூட்டி ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு அது. திருமணம் நடந்ததற்கு அது சாட்சி ஆகாது.

பெரும்பாலான மாசசூசெட்ஸ் ஊர்களுக்கு 1850 வரையான பதிவுகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்தகங்களாக அச்சிட்டார்கள். தேடுபவர்கள் எல்லோரும் முதலில் எடுப்பது இவற்றைத்தான், அதில் தப்பில்லை. ஒவ்வொரு வரியின் பின்னும் சில சுருக்கெழுத்துகள் வரும், அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 'ஜி.ஆர்.' என்றால் கல்லறைக் கல்லிலிருந்து எடுத்தது. 'சி.ஆர்.' தேவாலய ஏடு. 'பி.ஆர்.' தனியாரிடம் இருந்த பதிவு, பெரும்பாலும் குடும்ப பைபிளில் எழுதி வைத்தது. எந்தச் சுருக்கமும் இல்லாவிட்டால் ஊர்க் கணக்கு. தேவாலய ஏட்டில் ஒரே நாளில் நான்கு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால் நாலும் ஒரே பிரசவம் என்று பயப்பட வேண்டாம். தகப்பனோ தாயோ அப்போதுதான் சபையில் உறுப்பினராகச் சேர்ந்திருப்பார், இருந்த பிள்ளைகளையெல்லாம் அழைத்துப் போயிருப்பார்.

அச்சுப் புத்தகத்தின் பெரிய குறை, அது எல்லாவற்றையும் அகரவரிசையில் கலைத்துப் போட்டிருப்பது. மூல ஏட்டில் டவுன் கிளார்க் ஒரு குடும்பத்தின் எட்டுப் பிள்ளைகளையும் ஒரே பக்கத்தில், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியிருக்கலாம். அப்படி இருந்தால் அது அவ்வப்போது செய்த பதிவு அல்ல, பல வருடம் கழித்துச் சொல்லி எழுதியது. மூத்த பிள்ளைகள் வேறு ஊரில் பிறந்திருக்கவும் வாய்ப்புண்டு. இந்தத் தடயம் அச்சில் மறைந்துவிடுகிறது. மூல ஏட்டின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகத்தில் கண்டதை அங்கே போய் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று, செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கம். 1695-இல் ஒரு சாமுவேல், 1697-இல் இன்னொரு சாமுவேல், தகப்பன் ஒருவரே. முதல்வன் குழந்தையிலேயே போயிருப்பான். இணைய மரங்களில் பாதி, முதல் சாமுவேலின் பிறந்த நாளை வளர்ந்து ஆளான இரண்டாம் சாமுவேலுக்கு ஒட்டி வைத்திருக்கும்.

தேதியில் ஒரு பொறி

1752 வரை ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் பழைய ஜூலியன் நாட்காட்டி. அதில் வருடம் பிறப்பது மார்ச் 25-இல். ஜனவரியும் பிப்ரவரியும் மார்ச்சின் முதல் 24 நாளும் போன வருடக் கணக்கில் சேரும். மாதத்தைப் பெயரால் எழுதாமல் எண்ணால் எழுதியிருந்தால் முதல் மாதம் மார்ச், பன்னிரண்டாம் மாதம் பிப்ரவரி.

பதிவில் ஒரு தம்பதிக்குத் திருமணம் 1689 மே 10, தலைப்பிள்ளை பிறந்தது 1689 பிப்ரவரி 20 என்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே பிள்ளையா என்று பதற வேண்டாம். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1690. திருமணமாகி ஒன்பது மாதம் பத்து நாள். குழப்பம் வராமல் இருக்க இதை 1689/90 என்று இரட்டை வருடமாக எழுதுவது மரபு. பாஸ்டனில் பிறந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பிறந்த நாள் பழைய கணக்கில் 1705/6 ஜனவரி 6, புதிய கணக்கில் 1706 ஜனவரி 17. அந்தப் பதினொரு நாள் வித்தியாசத்தை நீங்களாகக் கூட்டிக் கழிக்காதீர்கள். ஒருவர் கூட்டியதன் மேல் இன்னொருவரும் கூட்டிவிடுவார். ஏட்டில் உள்ள நாளை அப்படியே எடுத்து, வருடத்தை மட்டும் இரட்டையாகக் குறித்தால் போதும்.

இதுவரை பார்த்தது: ஊர்ப்பதிவு பெயரும் நாளும் தரும். இன்னார் இன்னாருக்கு என்ன முறை என்பதை அது ஒரு தலைமுறைக்கு மேல் சொல்லாது. பதிவு இல்லாததால் ஆள் இல்லை என்றும் ஆகிவிடாது.

புரொபேட் கட்டில் என்னென்ன இருக்கும்

ஒருவர் உயில் எழுதி இறந்தால், அதை நிறைவேற்ற அவரே நியமித்தவர் எக்ஸிக்யூட்டர். உயில் இல்லாவிட்டால் நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்கும், பெரும்பாலும் விதவையையோ மூத்த மகனையோ. அந்த நிர்வாகி ஜாமீன்தாரர்களோடு ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜாமீன் போட்டவர்கள் யார் என்று கட்டாயம் பாருங்கள். விதவையின் அண்ணனோ, மருமகனோ அங்கே கையெழுத்துப் போட்டிருப்பது சகஜம்.

அடுத்தது சொத்துப் பட்டியல். அக்கம்பக்கத்தார் மூவர் போல வந்து வீட்டுக்குள் அறை அறையாக நடந்து விலை போடுவார்கள்: இறகு மெத்தை, பித்தளை அண்டா, ஈயத் தட்டுகள், பசு, கலப்பை, ஒரு பைபிள். சில பட்டியல்களில் மாட்டுக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் இடையே அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களின் பெயரும் விலையோடு வரும். அவர்களின் சந்ததியார் தேடும்போது, அந்த மனிதர் இருந்தார் என்பதற்கு அந்த ஒற்றை வரியைத் தவிர வேறு சான்று கிடைக்காமல் போவதும் உண்டு. பிறகு வரவு செலவுக் கணக்கு. கடைசியாகப் பாகப்பிரிவினை. மைனர் பிள்ளைகள் இருந்தால் காப்பாளர் நியமனமும் சேரும்.

இந்தக் காகிதங்கள் இரண்டு வடிவில் இருக்கின்றன. நீதிமன்ற எழுத்தர் பெரிய புத்தகத்தில் எடுத்து வைத்த நகல் ஒன்று. மூலக் காகிதங்களின் கட்டு மற்றொன்று. கட்டைத்தான் தேட வேண்டும். புத்தகத்தில் ஏறாத ரசீதுகளும் துண்டுச் சீட்டுகளும் அதில் இருக்கும். உண்மையான கையெழுத்து இருக்கும், எழுதத் தெரியாதவர் போட்ட கீறல் இருக்கும். ஒரே பெயர்க்காரர் இருவரைப் பிரித்தறிய அந்தக் கீறலே சில சமயம் கைகொடுக்கும்.

கணக்குப் போட்டுப் பிள்ளைகளை எண்ணுவது

புரொபேட்டின் அசல் பலம் சட்டம் விதித்த பங்கு விகிதத்தில் இருக்கிறது. உயில் இல்லாமல் இறந்தவரின் அசையும் சொத்தில் கடன் போக மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு. நிலத்திலும் மூன்றில் ஒன்று, ஆனால் ஆயுள் வரை அனுபவிக்க மட்டும். மீதியைப் பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. மகள்களுக்கும் பங்கு உண்டு. இரட்டைப் பங்கு முறை 1641-இன் சட்டத்தொகுப்பிலேயே இருக்கிறது, 1789 வரை நீடித்தது.

ஜோசப் என்றொருவர் 1713-இல் உயிலின்றி இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி ஹன்னா. ஊர்ப்பதிவில் அவர்களுக்கு ஐந்து பிறப்பு: ஜோசப் 1690, ஹன்னா 1692, சாமுவேல் 1695, மறுபடி சாமுவேல் 1697, மேரி 1701. புரொபேட் கட்டில் கடன் போக அசையும் சொத்து 180 பவுண்டு. விதவைக்கு 60. மீதி 120. இளைய ஜோசப்புக்கு 40, மற்றவர்களுக்குத் தலா 20 என்று பிரித்திருக்கிறார்கள். 20-ஆல் வகுத்தால் ஆறு பங்கு. மூத்தவனுக்கு இரண்டு போக மிச்சம் நான்கு பங்கு, நான்கு பேர். சாமுவேல்களில் ஒருவன் இறந்துவிட்டதால் ஊர்ப்பதிவுப்படி ஹன்னா, சாமுவேல், மேரி மூவர்தானே? நான்காவது ஆள் யார்?

பங்குப் பட்டியலில் எலிசபெத் என்று ஒரு மகள். பிறப்புப் பதிவே இல்லாதவள். 1714-இல் காப்பாளர் நியமனம் நடந்திருக்கிறது. பதினான்கு வயதுக்குக் கீழ் என்றால் நீதிமன்றமே காப்பாளரை நியமிக்கும், பதினான்கு நிறைந்தால் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். மேரிக்கு நீதிமன்றம் நியமித்திருக்கிறது. சாமுவேலும் எலிசபெத்தும் தாங்களே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆக எலிசபெத் 1700-க்குள் பிறந்திருக்க வேண்டும். இப்போது பிறப்புப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பிள்ளைகள் இரண்டு மூன்று வருட இடைவெளியில் வந்திருக்க, 1697-க்கும் 1701-க்கும் நடுவில் நான்கு வருட ஓட்டை. எலிசபெத்தின் இடம் அதுதான், சுமார் 1699. இரண்டு ஆவணமும் தனித்தனியே சொல்லாததை இரண்டும் சேர்ந்து சொல்லிவிட்டன.

இதோடு கட்டை மூடிவிடாதீர்கள். விதவைக்கு ஆயுள் அனுபவமாகக் கொடுத்த நிலம், அவள் இறந்தபின் மறுபடி வாரிசுகளுக்குப் பிரிக்கப்படும். அது இருபது முப்பது வருடம் கழித்துக்கூட நடக்கலாம், காகிதம் அதே கட்டில் போய்ச் சேரலாம். அதற்குள் மகள்கள் மணமாகியிருப்பார்கள், ஒரு மகன் இறந்து பேரப்பிள்ளைகள் அவன் பங்குக்கு வந்திருப்பார்கள். ஒரே தாளில் இரண்டு தலைமுறையும் மருமகன்கள் பெயரும் வரிசையாக வந்து நிற்கும். தேடுபவர்களில் பலர் முதல் ஐந்து தாளோடு திருப்திப்பட்டு இதைத் தவற விடுகிறார்கள்.

சுருக்கமாக: பங்கின் அளவு பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டும், காப்பாளர் நியமனம் வயதுக்கு வரம்பு போடும், விதவையின் நிலப் பிரிவினை அடுத்த தலைமுறையைக் கொண்டுவரும்.

உயிலைத் தப்பாகப் படிக்கும் விதங்கள்

உயிலில் ஒரு மகனுக்கு ஐந்து ஷில்லிங் மட்டும் எழுதியிருந்தால் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை என்று கதை கட்டுகிறார்கள். பெரும்பாலும் அவனுக்குக் கல்யாணத்தின்போதே நிலம் கொடுத்தாகிவிட்டது. மறந்து விட்டுப்போகவில்லை என்று காட்டத்தான் அந்த ஐந்து ஷில்லிங். உயிலில் பெயரே இல்லாத பிள்ளையும் இறந்துவிட்டதாக ஆகாது.

"என் மனைவி" என்று உயில் சொல்பவள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிரசவத்தில் மனைவியை இழந்தவர் வருடம் திரும்பும் முன் மறுமணம் செய்வது அன்று வழக்கம். அக்காலத்து ஆங்கிலத்தில் உறவுச் சொற்களும் தளர்வானவை. 'சன்-இன்-லா' என்பது மருமகனாகவும் இருக்கலாம், மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த மகனாகவும் இருக்கலாம். 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 'சீனியர்', 'ஜூனியர்' என்று இருவர் இருந்தால் ஊரில் அந்தப் பெயரில் மூத்தவர், இளையவர் என்று மட்டுமே பொருள். சொந்தமே இல்லாதவர்களாகவும் இருப்பார்கள். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார்.

காப்பாளர் நியமனம் இருந்தால் தாயும் இறந்துவிட்டாள் என்று முடிவு செய்வது இன்னொரு தப்பு. காப்பாளர் பிள்ளையின் சொத்துக்கு. தாய் அதே வீட்டில் உயிரோடு இருப்பாள்.

இறந்த நாள் ஊர்ப்பதிவில் இல்லாவிட்டால், உயிலில் கையெழுத்திட்ட நாளும் அது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட நாளும் இரண்டு எல்லைகள். இடையில் எங்கோ இறந்திருக்கிறார். அப்படியே எழுதுங்கள், மெய்ப்பித்த நாளை இறந்த நாளாக்காதீர்கள்.

பெண்களின் பெயர்

மணமான பெண் கணவன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. ஆகவே பெண்கள் பெயரில் உள்ள உயில்கள் பெரும்பாலும் விதவைகளுடையவை, மணமாகாதவர்களுடையவை. தாயின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க அவள் தகப்பனின் உயிலைத்தான் தேட வேண்டும். "என் மகள் மேரி பிராட்டுக்கு ஒரு பசு" என்று ஒரு வரி கிடைத்தால் வேலை முடிந்தது. எந்தத் தகப்பன் என்று தெரியாதபோது, அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அந்தத் தலைமுறையில் இறந்தவர்களின் உயில்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதைத் தவிர குறுக்குவழி கிடையாது.

திருமணப் பதிவில் பெண்ணுக்குப் போட்டிருக்கும் குடும்பப் பெயரையும் நம்பிவிடக் கூடாது. இதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1649-இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் பின்னாளில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானவர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் ஏட்டில் முதல் திருமணமே அவருடையதுதான், 1680 நவம்பர் 4. மணமகள் கேத்தரின் ஹின்மர்ஸ். ஏட்டை மட்டும் பார்ப்பவர் ஹின்மர்ஸ் வீட்டுப் பெண் என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். ஹின்மர்ஸ் அவருடைய முதல் கணவர், காலமான ஜோசப் ஹின்மர்ஸின் பெயர். பிறந்த குடும்பம் எல்ஃபோர்ட். மாசசூசெட்ஸ் ஏடுகளிலும் இதே வலை விரித்துக் கிடக்கிறது.

எங்கே தேடுவது

ஊர்ப்பதிவு ஊரில், புரொபேட் கவுண்டியில். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரியான பிரிவு. 1643-இல் நான்கு கவுண்டிகளோடு ஆரம்பித்துப் பிறகு உடைந்துகொண்டே வந்தன. வுஸ்டர் கவுண்டி 1731-இல் உண்டானது. டெடம் ஊர் இன்று நார்ஃபோக் கவுண்டியில் இருக்கிறது, ஆனால் நார்ஃபோக் பிறந்ததே 1793-இல். அதற்கு முன் இறந்த டெடம்வாசியின் காகிதம் பாஸ்டன் உள்ள சஃபோக் கவுண்டியில். ஆகவே இறந்த வருடத்தில் அந்த ஊர் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். 1686 முதல் 1689 வரை கவர்னர் ஆண்ட்ரோஸ் ஆட்சியில் 50 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்து எல்லாம் பாஸ்டனுக்குப் போயாக வேண்டும் என்றிருந்தது. அந்தச் சில வருடங்களில் இறந்தவர் சொந்தக் கவுண்டியில் கிடைக்காவிட்டால் சஃபோக்கில் பாருங்கள்.

சஃபோக், எசெக்ஸ், மிடில்செக்ஸ் கவுண்டிகளின் மூலக் கட்டுகள் படமாக்கப்பட்டு, பாஸ்டனில் 1845-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து ஹிஸ்டாரிக் ஜீனியலாஜிகல் சொசைட்டியின் தளத்தில் உள்ளன. பெயரைத் தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ஒரே குடும்பம் பியர்ஸ், பேர்ஸ், பெர்ஸ் என்று மூன்று விதமாக வரும். கேத்தரின் 'சி'யிலும் இருப்பாள், 'கே'யிலும் இருப்பாள்.

புரொபேட்டே இல்லாவிட்டால்

நிறையப் பேருக்கு இருக்காது. நிலமில்லாத கூலியாளுக்கு இருக்காது, உயிரோடிருக்கும்போதே எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட கிழவருக்கும் இருக்காது. அப்போது அதே கவுண்டியின் நிலப் பத்திரங்களுக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு பட்டியல் உண்டு, விற்றவர் பெயரில் ஒன்று, வாங்கியவர் பெயரில் ஒன்று. இரண்டிலும் தேடுங்கள். "காலஞ்சென்ற இன்னாரின் பிள்ளைகளாகிய நாங்கள்" என்று அண்ணன் தம்பிகளும் மருமகன்களும் சேர்ந்து விற்ற பத்திரம் கிடைத்தால் அது பாகப்பிரிவினைக்குச் சமம். அதுவும் இல்லாவிட்டால் நிலத்தைப் பின்தொடருங்கள். 1670-இல் ஒருவர் வாங்கிய பன்னிரண்டு ஏக்கர் புல்வெளியை, அதே எல்லைகளோடு, 1735-இல் இன்னொருவர் விற்கிறார், இடையில் எந்த விற்பனையும் இல்லை என்றால், அது கைமாறியது வாரிசு வழியாகத்தான் இருக்க வேண்டும். விற்பவர் பத்திரத்தில் "என் பாட்டனார் வழி வந்தது" என்று எழுதியிருக்கிறாரா என்று அடுத்துப் பார்க்க வேண்டியது அந்த எல்லை விவரத்துக்குக் கீழே உள்ள வரிகளில்.